ஒரு சிறு தீவில் செய்யத் தகுந்தவை

விடுமுறை என்பது எங்கள் ஊரைப் பொறுத்தவரை பிறர் எடுத்துக்கொள்வது. பழனி மலைத்தொடரின் அடிவாரத்தில், மருதாநதி அணைக்கு அருகே இருக்கிறது அய்யம்பாளையம். சித்திரை வைகாசியில் வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானலுக்கு வண்டிகள் வரிசை கட்டி ஏறும். நெரிசலுக்கு அஞ்சியவர்கள் சிலர் எங்கள் பக்கம் திரும்பி, சித்தரேவு, பெரும்பாறை என்று தாண்டிக்குடி மலைச்சாலையைப் பிடிப்பார்கள். வழி கேட்க நிறுத்துகிறவர்கள் தவறாமல் இன்னொன்றும் கேட்பார்கள்: "இங்க பாக்கறதுக்கு என்னங்க இருக்கு?" அணை இருக்கிறது, தென்னந்தோப்புகள் இருக்கின்றன, மலைமேல் முருகன் கோயில் இருக்கிறது என்போம். அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டுப் போய்விடுவார்கள். நாற்பது ஆண்டுகளாக இங்கேயே இருந்தும் எங்களுக்கு இன்னும் பார்த்து முடியவில்லை என்று அவர்களிடம் சொன்னால் அது மரியாதையாக இராது.

அதே கேள்வியை நாங்கள் கேட்க நேர்ந்த இடம் கரீபியக் கடலின் குவாதலூப். பாரீசில் வேலை செய்யும் மகளும் மருமகனும் ஆறு வயதுப் பேரனும் சென்ற டிசம்பரில் அங்கே ஒரு வாரம் போவதாக முடிவு செய்து, எங்கள் இருவருக்கும் சேர்த்துப் பயணச்சீட்டு எடுத்துவிட்டார்கள். குவாதலூப் தனி நாடன்று. பிரான்சின் கடல்கடந்த மாவட்டம். யூரோதான் நாணயம். ஆயினும் பிரான்சுக்கு வாங்கிய விசா அங்கே தானாகச் செல்லாது. அந்தத் தீவுக்கும் செல்லும் என்று அதில் குறிப்பு வேண்டும். பாரீசின் ஒர்லி விமான நிலையத்திலிருந்து அட்லாண்டிக்கின்மேல் எட்டு மணி நேரத்துக்கும் அதிகமாகப் பறக்க வேண்டும். போய் இறங்கினால் நம் கடிகாரத்துக்கு ஒன்பதரை மணி நேரம் பின்தங்கிய நேரம். தீவுக்கூட்டம் முழுவதும் ஏறத்தாழ 1,600 சதுர கிலோமீட்டர். எங்கள் திண்டுக்கல் மாவட்டத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. வரைபடத்தில் பட்டாம்பூச்சி சிறகு விரித்தது போலத் தெரியும். மேற்குச் சிறகு பாஸ்தேர், எரிமலையும் காடும். கிழக்குச் சிறகு கிராந்த்தேர், சுண்ணாம்புப் பாறையும் கரும்பும் வெண்மணல் கடற்கரையும். நடுவே உப்பாறு என்று பொருள்படும் பெயருடைய ஒடுங்கிய கடற்கால்.

இங்கே செய்ய வேண்டியவை என்று பயணக் கையேடுகள் சொல்வதையெல்லாம் முதல் இரண்டு நாட்களிலேயே பெரும்பாலும் செய்து முடித்தோம். கார்பே அருவிக்குப் போனோம். எங்கள் மலையில் அருவிக்குப் போகும்போது ஈரப் பாறையும் அட்டையும் துணைக்கு வரும். அங்கே மரப்பலகை வேய்ந்த நடைபாதை போட்டிருக்கிறார்கள். சூஃபிரியேர் எரிமலையில் இளையவர்கள் ஏறினார்கள், நாங்கள் அடிவாரத்தில் மேகத்துக்குள் உட்கார்ந்திருந்தோம். உயரம் 1,467 மீட்டர். கொடைக்கானலோடு ஒப்பிட்டால் குட்டைதான், ஆனால் கொடைக்கானல் மலை எவரையும் ஊரைவிட்டு விரட்டியதில்லை. 1976-இல் இந்த மலை புகையத் தொடங்கியபோது எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை மாதக்கணக்கில் வேறிடத்துக்கு அப்புறப்படுத்தினார்கள். தெற்கே படகேறி லெ சேந்த் என்னும் குட்டித் தீவுகளைப் பார்த்தோம். கடலில் குளித்தோம். சேலையோடும் வேட்டியோடும் ராமேசுவரத்தில் முழுகியெழும் முறைதான் எங்களுக்குத் தெரிந்த கடற்குளியல்; அதையே செய்தோம். எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அது அந்தத் தீவின் நாகரிகம்.

மூன்றாம் நாள் காலையில் பேரன் கேட்டுவிட்டான், அவன் பள்ளிக்கூடத்து மொழியில்: இன்றைக்கு என்ன செய்வது? சிறு தீவுகளில் மூன்றாம் நாள் வருகிற கேள்வி இதுதான் போலும். காட்சிகள் தீர்ந்துவிடும், தீவு தீர்ந்திராது.

*

தோப்பு வைத்திருப்பவர்கள் எந்த ஊருக்குப் போனாலும் முதலில் அண்ணாந்துதான் பார்ப்பார்கள். அய்யம்பாளையம் நெட்டை என்று சொல்லி நாற்றுக்காக வெளியூரிலிருந்து எங்கள் பக்கம் தேடி வருவது வழக்கம். அந்தப் பழக்கத்தில் கடற்கரைத் தென்னைகளைப் பார்த்தோம். தண்டின் வளைவு, மட்டையின் விரிப்பு, காயின் நீள உருவம், மூன்று கட்டு எடுப்பான மட்டை. பார்த்த முகமாக இருந்தது. அது வெறும் மயக்கமன்று. 2011-இல் வெளிவந்த மரபணு ஆய்வொன்று, உலகெங்கும் 1,300-க்கும் மேற்பட்ட தென்னைகளைச் சோதித்து, அவை இரண்டு பெருங்குலங்களாகப் பிரிவதைக் காட்டியது. ஒன்று பசிபிக் குலம். மற்றது இந்தியப் பெருங்கடல் குலம். தென்னிந்தியாவும் இலங்கையும் மாலத்தீவும் அதன் பிறந்தகம். கரீபியத் தீவுகளின் அட்லாண்டிக் பக்கத்துத் தென்னைகள் இந்த இரண்டாம் குலத்தைச் சேர்ந்தவை. கொலம்பசு வருவதற்கு முன் அங்கே தென்னையே கிடையாது. போர்ச்சுக்கீசியர் இந்தியப் பெருங்கடலிலிருந்து ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கும், அங்கிருந்து கரீபியத்துக்கும் கொண்டுபோய் நட்ட பிள்ளைகளின் வழிவந்தவை அவை. எந்தச் சுற்றுலா விளம்பரத்திலும் கரீபியத்தின் அடையாளமாகச் சாய்ந்து நிற்கிற மரம், தூரத்து முறையில் எங்கள் தோப்புக்குப் பங்காளி.

திருப்பிக் கொடுத்த கணக்கும் உண்டு. கொடைக்கானல் சரிவுகளில் பந்தல் போட்டு விளைவிக்கும் சௌசௌ மத்திய அமெரிக்கப் பக்கத்துக் காய். குவாதலூப் சந்தையில் அதற்குக் கிறிஸ்தோஃபின் என்று பெயர். பப்பாளியும் கொய்யாவும், தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டங்களின் நிழலில் காய்க்கும் வெண்ணெய்ப் பழமும் அந்த உலகத்திலிருந்து வந்தவை. அன்னாசியை ஐரோப்பியர் முதன்முதலில் கண்டதே இந்தக் குவாதலூப் தீவில்தான். 1493-இல் கொலம்பசின் இரண்டாம் பயணத்தில். மாவும் புளியும் பழைய உலகத்திலிருந்து அங்கே போயின. தாவரங்களுக்கு இந்த வசதி இருக்கிறது. போன மண்ணில் வேர் விட்டுவிட்டால், வந்த இடத்தை மறந்தாலும் அவை தென்னையாகவும் மாவாகவுமே இருக்கின்றன.

மனிதர்களுக்கு அப்படியில்லை.

*

பொய்ந்தாபித்ர் நகரின் சந்தையில் மருமகன் ஒரு மசாலைப் பொட்டலத்தை எடுத்து முகர்ந்து பார்க்கச் சொன்னார். மல்லி, சீரகம், வெந்தயம், கடுகு, மஞ்சள், வறுத்த அரிசி. கண்ணை மூடிக்கொண்டால் சொந்த அடுப்படி. அதன் பெயர் கொலம்போ. தீவின் தேசிய உணவு என்று சொல்லத் தக்க ஆட்டுக்கறி கொலம்போவுக்கு அந்தப் பொடிதான் ஆதாரம். இலங்கைத் தலைநகரத்தின் பெயர் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உள்ளூர்க் கிரியோல் மொழியில் அதைக் 'கொல்பு' என்பதும் உண்டு. அதைக் கேட்டவுடன் எங்களுக்கு அகராதி தேவைப்படவில்லை. திண்டுக்கல், மதுரைப் பக்கத்தில் ழகரம் நாவில் நிற்காது. குழம்பு எங்களுக்குக் கொளம்பு. கப்பலேறிப் போனதும் ஏட்டிலிருக்கும் குழம்பன்று, வாயிலிருந்த கொளம்பு.

பக்கத்துக் குவியலில் பாகற்காய் இருந்தது. பெயர் கேட்டோம். 'பவொக்கா' என்றார் விற்கும் அம்மா. தலையில் கட்டம் போட்ட துணியை முடிந்து கட்டியிருந்தார். அந்தத் துணிக்குப் பெயர் 'மதராஸ்'. நம் கடற்கரையிலிருந்து கப்பலில் போன கைத்தறிக் கட்டத் துணி, அங்கே பெண்களின் விழா உடையாகவே ஆகிவிட்டிருக்கிறது. நாம் 1996-இல் ஊரின் பெயரைச் சென்னை என்று மாற்றிவிட்டோம்; அவர்களுடைய தலையில் அது இன்னும் மதராசாகவே இருக்கிறது.

எங்கிருந்து வருகிறீர்கள் என்று அவர் கேட்டார். மகள் மொழிபெயர்த்தாள். இந்தியா என்றோம், தமிழ்நாடு என்றோம், மலையடிவாரம் என்றோம். அவர் கொஞ்ச நேரம் எங்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தம் குடும்பப் பெயரைச் சொன்னார். எங்கள் தெருவில் நாலு பேருக்கு இருக்கும் பெயர் அது. ஞாயிற்றுக்கிழமை தம் உறவினர் வீட்டில் பூசை இருக்கிறது, வர முடியுமா என்று கேட்டார்.

*

இந்தப் பெயர்கள் அங்கே போன கதையைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். பிரான்ஸ் 1848-இல் தன் குடியேற்றங்களில் அடிமைமுறையை ஒழித்தது. கரும்புத் தோட்டங்களுக்குக் கூலி ஆட்கள் வேண்டியிருந்தார்கள். புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் ஆள் பிடிக்கத் தொடங்கினார்கள். 'ஒரெலி' என்னும் கப்பல் முந்நூறு பேருக்கு மேல் ஏற்றிக்கொண்டு 1854 டிசம்பரில் பொய்ந்தாபித்ர் சேர்ந்தது. அதற்கு முந்தைய ஆண்டே அதே கப்பல் அண்டைத் தீவான மார்த்தினிக்கில் ஆட்களை இறக்கியிருந்தது. 1889 வரை குவாதலூப்புக்கு மட்டும் நாற்பத்திரண்டாயிரம் பேர் அளவில் கொண்டுவரப்பட்டார்கள். பிற்காலத்தில் கல்கத்தாவிலிருந்தும் கப்பல்கள் போயின என்றாலும் பெரும்பகுதி நம்மவர். ஒப்பந்தம் முடிந்தால் திரும்பிப் போகலாம் என்பது ஏட்டில் இருந்தது. திரும்பியவர்கள் சிறுபான்மையே.

தந்தை பெயரை முன்னெழுத்தாகக் கொண்டு தன் பெயரில் வாழும் நம் வழக்கம் பிரெஞ்சுப் பதிவேட்டுக்குள் அடங்கவில்லை. கப்பலேறிய மனிதரின் ஒற்றைப் பெயர் வம்சத்துக்கே குடும்பப் பெயராக உறைந்தது. ராமசாமியின் கொள்ளுப்பேத்தியும் ராமசாமி. முன்னால் ஒரு கிறித்தவப் பெயர் சேர்ந்திருக்கும். குடியுரிமையும் எளிதில் வந்துவிடவில்லை. கப்பெஸ்தேரில் 1863-இல் பிறந்த ஆன்றி சிதம்பரம், இந்திய வழிவந்தவர்களுக்கு வாக்குரிமை வேண்டுமென்று 1904-இல் தொடங்கிய சட்டப் போராட்டம் 1923 வரை நடந்தது. அதன் பலனாகப் பிற்காலத்தில் எர்னஸ்ட் முத்துசாமி போன்ற ஒருவர் 1981 முதல் 2002 வரை பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் குவாதலூப்பின் உறுப்பினராக இருக்க முடிந்தது. கோரிக்கைகள் வென்றன. அதற்குள் மொழி போய்விட்டிருந்தது.

*

ஞாயிற்றுக்கிழமை போகும் வழியில் கப்பெஸ்தேரின் சாங்கி கோயிலுக்கு முன் வண்டியை நிறுத்தினோம். இருபுறமும் வாழைத் தோட்டம். சாலையோரத்தில் பல நிறங்களில் கோபுரம். பயணக் கையேடுகளில் அதற்குப் படம் உண்டு. உள்ளே இருக்கும் அம்மனை அவர்கள் 'மாலியெமின்' என்கிறார்கள், நம் மாரியம்மன். காவல் தெய்வம் 'மல்தேவிலின்'. அது மதுரைவீரன் என்று பிடிபட எங்களுக்கு நாலைந்து முறை கேட்க வேண்டியிருந்தது.

பூசை நடந்த வீடு கோயிலிலிருந்து சற்றுத் தொலைவில், வாழைக்கு நடுவே இருந்தது. முற்றத்தில் வேப்பமரம், 'வெப்பெலே' என்றார்கள். ஒரு கொம்பு நட்டுக் கொடி ஏற்றியிருந்தார்கள். அது நாகூர் மீரானுக்கு. கடலில் போகிறவர்களைக் காக்கும் நாகூர் ஆண்டவரை, காரைக்காலில் கப்பலேறியவர்கள் மதம் பார்க்காமல் துணைக்கு அழைத்துச் சென்றிருக்கிறார்கள். இன்றும் அம்மனுக்குப் பூசை போடும் இடத்தில் அவருக்குக் கொடி ஏறுகிறது. சருகைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சினார்கள். தோல் இறுகுகிறதா என்று விரலால் தட்டிப் பார்த்த இளைஞன், எங்கள் ஊர்த் திருவிழாவில் பறையடிப்பவர் செய்வதையே செய்தான். பெயரும் 'தப்பு'தான், வாலில் ஓர் உகரம் கூடுதலாக நீள்கிறது. பூசாரி என்ற சொல் பூசாரியாகவே இருக்கிறது.

மதுரைவீரனுக்கு ஆடு வெட்டினார்கள். மகள் பேரனை வீட்டுக்குள் அழைத்துப் போய்விட்டாள். நாங்கள் நின்றோம், கிராமத்தில் பிறந்தவர்களுக்கு அது புதிதன்று. தமிழ்நாட்டில் 2003-இல், 1950-ஆம் ஆண்டுச் சட்டமொன்றைத் தூசு தட்டி எடுத்துக் கோயில்களில் உயிர்ப்பலியைத் தடுத்தார்கள். அடுத்த ஆண்டே அந்தச் சட்டம் திரும்பப் பெறப்பட்டது. நம் குலசாமிகளுக்கு இங்கேயே வழக்காடு மன்றத்தில் கைகட்டி நிற்கும் நிலை வந்தபோது, கடலுக்கு அப்பால் ஒரு வாழைத் தோட்டத்தில் எந்தச் சட்டமும் அறியாமல் மதுரைவீரன் தன் ஆட்டை வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

பூசாரி எழுபது கடந்தவர். பாடும்போது மடியில் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. சடங்கு முடிந்ததும் மகளை அழைத்து அதை எங்களிடம் காட்டச் சொன்னார். பிரெஞ்சு எழுத்தில், தமிழ்ப் பாட்டு. அவருக்கு அவருடைய ஆசான் கொடுத்தது. ஆசானுக்கு அவருடைய தந்தை. எழுத்துத் தெரியாமல் செவி வழியாக வந்ததைத் தெரிந்த எழுத்தில் பிடித்து வைத்திருக்கிறார்கள். சொற்கள் எங்கே முடிகின்றன என்று தெரியாததால் அவை ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. மகள் எழுத்துக் கூட்டிப் படித்தாள், நாங்கள் காதைக் கொடுத்து வெட்டிப் பிரித்தோம். பொம்மி வந்தாள். வெள்ளையம்மாள் வந்தாள். திருமலை மன்னன் வந்தார். நடுவில் பல வரிகள் எந்தப் பொருளுக்கும் பிடி கொடுக்காமல் போயின. இது எங்கள் மதுரையின் கதை என்றோம். எங்கள் வீட்டிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் போய்விடக் கூடிய மதுரை என்றோம். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பொருள் அவருக்குத் தெரியும், சாமியிடம் கேட்பதுதான் அதன் பொருள்.

பிறகு ஒன்று கேட்டார். மகள் தயங்கி மொழிபெயர்த்தாள்.

"அப்பா, தன்னோட உச்சரிப்பு சரியா இருக்கான்னு கேக்கறார்."

முற்றத்தில் இருந்தவர்கள் எல்லாரும் எங்களைப் பார்த்தார்கள். நூற்றெழுபது ஆண்டுகளில் எத்தனை பூசாரிகள் எத்தனை பிள்ளைகளுக்கு இந்த ஒலிகளைக் கைமாற்றியிருப்பார்கள். ஒவ்வொரு கைமாற்றத்திலும் சரியாகச் சொல்கிறோமா என்ற இந்த அச்சம் இருந்திருக்கும். கேட்டுச் சரிபார்க்க ஆளில்லை. இப்போது இருவர் வந்து நிற்கிறார்கள். ஒரு சொல்லைத் திருத்தினால் போதும், அடுத்த முறை பாடும்போது அவர் குரல் அந்த இடத்தில் தடுக்கும். அதற்கடுத்த சொல்லிலும் சந்தேகம் வரும்.

"எங்க ஊர்லயும் இப்படித்தான் பாடுவாங்கன்னு சொல்லும்மா" என்றோம்.

பொய்யில்லை. எங்கள் ஊரில் உடுக்கைக்காரர் பாடும்போதும் பாதி புரியாது. ழகரம் எங்களுக்கும் கைவராது. பள்ளிக்கூடத் தமிழுக்கு முன்னால் நாங்களும் அவரைப் போல நின்றவர்கள்தாம். அவர் தலையசைத்தார். நோட்டுப் புத்தகத்தைத் துணியில் சுற்றி உள்ளே வைக்கச் சொன்னார். வாழையிலையில் சோறு வந்தது, அதன்மேல் கொல்பு.

*

கரீபியத்தில் இந்தியச் சடங்குகளைப் பார்த்துவிட்டு எழுதியவர்கள் உண்டு. செயின்ட் லூசியாவின் டெரிக் வால்காட் 1992-இல் நோபல் பரிசு பெற்றபோது, டிரினிடாடின் ஒரு சிற்றூரில் பார்த்த ராமலீலாவிலிருந்தே தம் உரையைத் தொடங்கினார். நாடகமாகத் தமக்குத் தோன்றியது ஆடுகிறவர்களுக்கு நம்பிக்கையாக இருந்தது என்பதையும், உடைந்த கலத்தின் சில்லுகளை ஒட்டவைக்கும் அன்பு கலம் முழுதாக இருந்தபோதைய அன்பைவிட வலியது என்பதையும் அவர் சொன்னார். குவாதலூப்பில் 1887-இல் பிறந்து 1960-இல் அதே பரிசைப் பெற்ற சேன்ழோன் பெர்சு, தம் குழந்தைப் பருவத்துத் தாதியரில் ஓர் இந்துப் பெண்ணை நினைவுகூர்ந்தார். அந்தத் தாதி என்ன மொழியில் தாலாட்டியிருப்பாள் என்று நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

ஆனால் அன்றிரவு எங்களுக்கு இந்த இலக்கியமெல்லாம் தோன்றவில்லை. தோன்றியது பேரன். பாரீசில் பிறந்த அவனுக்கு இப்போதைக்குச் சாப்பாட்டுத் தமிழும் கோபத் தமிழும் இருக்கின்றன. தாத்தா, பாட்டி, சோறு, தயிர், வேண்டாம், போ. அவனை எவரும் கப்பலேற்றவில்லை. அவன் வீட்டில் வேலைக்குச் சவுக்கு இல்லை, ஒப்பந்தம் இல்லை. வாரத்துக்கு இருமுறை காணொளியில் எங்களோடு பேசுகிறான். இருந்தும் அந்தச் சந்தைக்கார அம்மாவின் கொள்ளுப்பாட்டி எந்தப் படியில் நின்றிருப்பாளோ, அந்தப் படியில்தான் அவனும் நிற்கிறான். அவன் பிள்ளைக்கு எத்தனை சொல் மிஞ்சும்? எவை? நாங்கள் விரும்பித் தேர்ந்தெடுத்துக் கொடுக்கக் கூடியவையா அவை? குவாதலூப்பில் மிஞ்சியவற்றைப் பாருங்கள்: குழம்பு, பாகற்காய், வேப்பிலை, தப்பு, பூசாரி. திருக்குறள் மிஞ்சவில்லை. நாவுக்கும் கைக்கும் பயத்துக்கும் வேண்டியிருந்த சொற்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. மகளிடம் இதைச் சொன்னபோது அவள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப அவனுக்குச் சமைக்கக் கத்துக் குடுக்கணும்" என்றாள். ஒரு மொழித் திட்டமாக அது மோசமானதன்று என்றே எங்களுக்குப் படுகிறது. மறுநாள் காலை அடுப்பருகே ஒரு நாற்காலி போட்டு அவனை ஏற்றி நிறுத்தினாள். கடுகு வெடிக்கும்போது அவன் 'கடுகு' என்று கத்தினான்.

*

போக நினைப்பவர்களுக்குச் சில சொற்கள். டிசம்பர் முதல் மே வரை மழை குறைவு. ஜூனிலிருந்து நவம்பர் வரை புயற்காலம். அருவியும் எரிமலையும் லெ சேந்த் படகுப் பயணமும் நிச்சயம் பார்க்கத் தகுந்தவை. அவற்றுக்கு இரண்டு மூன்று நாட்கள் போதும். பொய்ந்தாபித்ரில் பழைய சர்க்கரை ஆலை இருந்த இடத்தில் 2015-இல் திறந்த அடிமைமுறை நினைவகத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள். நம்மவர் வருவதற்கு முன் அந்தக் கரும்பை வெட்டியவர்கள் யார் என்பது தெரியாமல் நம்மவர் கதை விளங்காது. சந்தையில் எல்லாக் காய்க்கும் பெயர் கேளுங்கள். கடைப் பலகைகளில் குடும்பப் பெயர்களைப் படியுங்கள். பூசைக்கு அழைத்தால் போங்கள். வெறுங்கையோடு போகாதீர்கள், கொஞ்சம் விபூதியும் குங்குமமும் ஊரிலிருந்து எடுத்துப் போனால் அதைவிடப் பெரிய பரிசு இல்லை. அவர்கள் மாலியெமின் என்று சொல்லும்போது நீங்களும் மாலியெமின் என்றே சொல்லுங்கள். அந்தப் பெயருக்கும் அங்கே அவள் திரும்பிப் பார்க்கிறாள்.